கேஷுவாலிட்டியில் ஏன் இத்தனை முரட்டுத்தனம்?

"ஏனுங்க டாக்டர், கொஞ்சம் மெதுவா அமுத்துங்க, நெஞ்செலும்பே ஒடைஞ்சுருமாட்ட இருக்குதுங்க." இதயம் நின்றவரின் நெஞ்சை டாக்டர் அமுக்கும்போது, ஈரோட்டிலோ திருப்பூரிலோ எந்த ஜிஎச் வாசலிலும் உறவினர் வாயிலிருந்து காதில் விழக்கூடிய பேச்சு இது. சொல்பவரின் கணக்கு தப்பில்லை. எலும்பு உடையத்தான் செய்கிறது. உடைந்த பிறகும் டாக்டர் கையை எடுப்பதில்லை.

ஆஸ்பத்திரி என்றதும் ஸ்கேனும் மானிட்டரும் மெல்லிய ஊசியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் உயிர் போகிற நிலையில் வந்தவருக்கு முதல் பத்து நிமிடத்தில் பயன்படுவதோ உள்ளங்கை, விரல், முழங்கால், பெட்ஷீட், கத்தி. காரணம் எளிது. அந்த நேரத்தில் ஆளைக் கொல்வது மூச்சுப்பாதையில் சிக்கிய பொருள், நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று, வெளியே ஓடும் ரத்தம், சுருங்க மறந்த கருப்பை. அடைத்ததை எடுக்க வேண்டும், ஒழுகுவதை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மாத்திரை கிடையாது. ஊசி மருந்து போட்டாலும் அதை எடுத்துப் போக ரத்தம் ஓட வேண்டுமே! இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை சாகத் தொடங்குகிறது. நல்ல கருவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

முரட்டுத்தனம் பலத்தில் மட்டும்தான் இருக்கிறது. எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதில் இருக்காது. பலத்தைப் பார்த்துக்கொண்டு இடத்தைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் இதே வேலையைத் தப்பாகச் செய்கிறார்கள்.

நெஞ்சை அமுக்குவது

1960 வரைக்கும் இதயம் நின்றுபோனவருக்கு மருத்துவர்கள் செய்தது இன்னும் முரடானது. விலா எலும்புகளுக்கு நடுவே கத்தியால் திறந்து, கையை உள்ளே விட்டு, இதயத்தைப் பிடித்துப் பிசைவார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன் என்ற மின் பொறியாளரும் அவருடைய குழுவும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனமான மின்தட்டை நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே ரத்த அழுத்தம் ஏறுவது கண்ணில் பட்டது. நெஞ்சைத் திறக்காமலே ரத்தத்தை ஓட்டலாம் என்ற முடிவுக்கு அங்கிருந்துதான் வந்தார்கள். அதுதான் இன்றைய சிபிஆர்.

கூப்பிட்டுத் தட்டினால் அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு உடனே தொடங்க வேண்டும். நெஞ்சின் நடு எலும்பில் கீழ்ப்பாதி மேல் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது, தோள் கைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல் அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பயிற்சி பெற்றவர் 30 அமுக்கத்துக்கு 2 மூச்சு ஊதலாம். பயிற்சி இல்லாதவர் நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும்.

5 செ.மீ. என்பது ஸ்கேலில் பார்ப்பதைவிட நெஞ்சில் பார்க்கும்போது பயமுறுத்தும் ஆழம். பெரியவர்களில், அதிலும் வயதானவர்களில், விலா எலும்பு விரிசல் விடுவது சாதாரணம். 'மளுக்' என்று சத்தம் கேட்டால் கை வைத்த இடம் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடர வேண்டும். விலா ஆறு வாரத்தில் கூடிவிடும்.

தப்பு நடக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, கயிற்றுக் கட்டில். நம் தோட்டத்து வீடுகளில் பெரியவர் மயங்கி விழுந்ததும் தூக்கிக் கட்டிலில் போட்டுவிடுவார்கள். அதில் அமுக்கினால் கயிறுதான் தொய்யும், நெஞ்சு இறங்காது. தரையில் கிடத்துங்கள். இரண்டாவது, ஒவ்வொரு அமுக்கத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடாமல் சாய்ந்துகொண்டே இருப்பது. அமுக்கும்போது ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது; விடும்போதுதான் இதயம் மறுபடி நிரம்புகிறது, இதயத் தசைக்கே ரத்தம் போவதும் அப்போதுதான். மூன்றாவது, "நாடி வந்துருச்சா பாரு" என்று அடிக்கடி நிறுத்துவது. அடிபம்பை நிறுத்தினால் குழாயில் ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுபடி ஏழெட்டு அடி அடித்தால்தான் வாயில் தண்ணீர் வரும். இங்கேயும் அதேதான், நிறுத்திய நொடியில் அழுத்தம் விழுந்துவிடுகிறது, திரும்ப ஏற்றப் பல அமுக்கங்கள் பிடிக்கும். அமுக்குபவர் களைப்பதை அவரே உணரமாட்டார் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

நான்காவதுதான் அதிகம் உயிரை வாங்குகிறது. இதயம் நின்ற பிறகும் சிலருக்கு வாய் திறந்து திறந்து மூடும், விட்டு விட்டு ஒரு கொறட்டை போல வரும். "மூச்சு இழுக்குதுங்க, உசிரு இருக்குது" என்று சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மூச்சு கிடையாது. சாகும் மூளையின் கடைசி அனிச்சை. அமுக்கத் தொடங்க வேண்டிய அடையாளமே அதுதான்.

கிணற்றிலோ பிஏபி பாசன வாய்க்காலிலோ மூழ்கியவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. நேரம் வீணாவதோடு, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும். மூழ்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன். அதனால் இங்கே மட்டும் முதலில் 2 மூச்சு ஊதிவிட்டு அமுக்கத் தொடங்குவார்கள்.

தொண்டையில் சிக்கியது

இருமிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், அந்த இருமலைவிட பலமாக எவராலும் தள்ள முடியாது. பேச்சு வரவில்லை, இருமல் சத்தம் இல்லை, கழுத்தைப் பிடிக்கிறார் என்றால் முன்னே குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் 5 அடி. செல்லமாகத் தட்டுவது எதற்கும் உதவாது. வரவில்லையா, பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே மடக்கிய ஒரு கை முஷ்டியை வைத்து, மறு கையால் பிடித்து உள்ளேயும் மேலேயும் 5 இழுப்பு. 1974-ல் ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் சொன்ன முறை இது. உதரவிதானம் மேலே ஏறி, நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று ஒரே வீச்சில் வெளியேறுகிறது. கர்ப்பிணிகளுக்கும் மிகவும் பருமனானவர்களுக்கும் வயிற்றை விட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் இழுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றைத் தொடவே கூடாது, கல்லீரல் கிழியும். முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்க, முதுகில் 5 அடி; திருப்பி நெஞ்சில் 5 அமுக்கு. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் கீழே போகும்.

சிக்கியதை எடுத்துவிடுவதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. குழந்தை நீலம் பாயும்போது அதற்கான தூரமும் இல்லை, நேரமும் இல்லை. வயிற்றில் இழுத்து வெளியே வந்துவிட்டாலும் ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டுவது நல்லது. உள்ளே காயம் பட்டிருக்கலாம்.

ரத்தம்

சோளத்தட்டு நறுக்கும் மெஷினில் கை போனது, தறியில் விரல் போனது, பைபாஸில் கால் நசுங்கியது. இவை நம் ஊர்க் காயங்கள். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் இந்த இடத்தில் எதற்கும் ஆகாது. பிறகு காயத்தைக் கழுவும் மருத்துவருக்கு அரைமணி நேர வேலையைக் கூட்டும்.

முதலில் துணியை வைத்து நேராக அமுக்குவது. ஆழமான குழிக் காயம் என்றால், குறிப்பாகத் தொடையிடுக்கிலும் அக்குளிலும், மேலே வைத்த துணி ரத்தத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. விரலை உள்ளே விட்டு, ரத்தம் எங்கிருந்து பீய்ச்சுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் புள்ளியின் மேல் காஸ் துணியின் முனையை அமுக்கி, விரலை எடுக்காமலே மீதித் துணியை மடித்து மடித்துத் திணிக்க வேண்டும். குழி நிரம்பியதும் இரண்டு கையாலும் உடல் எடையைப் போட்டு அமுக்க வேண்டும். சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம், உறைய வைக்கும் மருந்து பூசிய காஸ் என்றால் 3 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்த்தால் உருவான ரத்தக்கட்டியும் கூடவே வந்துவிடும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் திணிக்கக் கூடாது. அங்கே அமுக்கிப் பிடிக்க ஆதரவான எலும்போ தசையோ கிடையாது.

கையோ காலோ என்றால் டூர்னிகே, அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்கக் கட்டு. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்ட வேண்டும். கடையில் வாங்கியது இல்லையென்றால் துண்டை 4–5 செ.மீ. அகலத்துக்கு மடித்துச் சுற்றி, ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு குச்சி, மறுபடி முடிச்சு. குச்சியைத் திருகத் திருக இறுகும். ரத்தம் நிற்கும்வரை திருகி, குச்சி அவிழாமல் கட்டிவிட வேண்டும். கயிறு, கேபிள், ஒயர் ஆகாது. மெல்லியது நரம்பையும் தசையையும் அறுக்கும், தமனியை மூடாது.

பாதி இறுக்கம் ஒன்றுமே கட்டாததைவிட மோசம். சிரைகளின் சுவர் மெலிது, முதலில் அவைதான் மூடும். தமனி ஆழத்தில், அதிக அழுத்தத்தில் ஓடுகிறது. இறுக்கம் போதாவிட்டால் ரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போக வழியிருக்காது. காயத்தில் ஒழுகல் கூடும். சரியாகக் கட்டியிருந்தால் வலி தாங்க முடியாமல் இருக்கும். "வலிக்குதுங்க, கொஞ்சம் லூசு பண்ணுங்க" என்றால் இளக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்திவிட வேண்டும் என்பது பழைய பாடம், இப்போது அதைச் சொல்லித்தருவதில்லை. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலேயோ பேனாவால் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் சேர்ந்தால் அந்தக் கட்டின் காரணமாக மட்டும் கை போவது அரிது.

துண்டான விரலை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவருவது இன்னொரு கேடு. உறைந்த திசுவை ஒட்ட முடியாது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். விரல் சில மணி நேரம் தாங்கும். தசை அதிகமுள்ள முன்கைக்கு அந்த அவகாசம் குறைவு.

இத்தனையும் படித்துவிட்டுப் பாம்புக் கடிக்குக் கட்டுப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடி விரியன் விஷம் தசையை அங்கேயே அழுகவைக்கும். கட்டினால் அந்த இடம் இன்னும் சாகும், கட்டை அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாக உள்ளே ஏறும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஜிஎச்சுக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவருக்கு வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் லிட்டர் கணக்கில் கசியும். பெட்ஷீட்டோ வேட்டியோ 25 செ.மீ. அகலத்துக்கு மடித்து, இடுப்பைச் சுற்றி இரண்டு பேர் எதிரெதிரே இழுத்துக் கட்டுகிறார்கள். விரிந்த எலும்புக் கூடு மூடியதும் உள்ளே ரத்தம் தேங்க இடம் குறைகிறது. எல்லாரும் தப்பு செய்வது உயரத்தில். பெல்ட் போடும் இடத்தில் கட்டினால் கீழ்ப்பகுதி இன்னும் விரியலாம். தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் இடம், அதாவது பேன்ட் பாக்கெட் மட்டம், அங்கேதான் கட்ட வேண்டும். முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுவார்கள். இடுப்பு ஆடுகிறதா என்று இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது உறைந்த ரத்தத்தைக் கிளறிவிடும்.

மருத்துவர் கையில் மட்டும்

இந்தப் பகுதியில் வருபவை வீட்டில் செய்ய அல்ல. கண்ணெதிரே நடந்தால் என்ன நடக்கிறது என்று புரிவதற்காக.

விலா குத்தி நுரையீரலில் ஓட்டை விழுந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று நெஞ்சறைக்குள் போகும், திரும்பி வராது. அந்த நுரையீரல் சுருங்கும், இதயம் மறுபக்கம் தள்ளப்படும், இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகள் மடங்கும். பிபி சரசரவென்று இறங்கும். இங்கே எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது தப்பு. ஆள் எக்ஸ்ரே அறையிலேயே இறந்துபோவார். ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் இல்லை, பிபி இல்லை என்றால் உடனே ஓட்டை போடுகிறார்கள். பல காலம் காறை எலும்புக்குக் கீழே, இரண்டாவது விலா இடைவெளியில் 14 கேஜ் என்ற தடித்த ஊசியைக் குத்தினார்கள். சதை தடித்தவர்களில் 5 செ.மீ. ஊசி உள்ளே எட்டுவதே இல்லை. அதனால் 2018-ல் வந்த, ஏடிஎல்எஸ் என்ற விபத்துக்காயச் சிகிச்சைப் பாடநூலின் பத்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு இடத்தை அக்குளுக்குக் கீழே, நாலாவது அல்லது ஐந்தாவது இடைவெளிக்கு மாற்றியது. ஊசியோ கத்தியோ, விலாவின் மேல் விளிம்பை ஒட்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு தமனி ஓடுகிறது.

ஊசி மடங்கும், அடைக்கும். அதைவிட நம்பகமானது விரல். மூன்று நாலு செ.மீ. கீறி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியை அழுத்திச் சவ்வைக் குத்தி, கையுறை போட்ட விரலை நெஞ்சுக்குள் விட்டுச் சுழற்றுகிறார்கள். 'புஸ்' என்று காற்று வரும், நுரையீரல் விரிந்து வந்து விரலைத் தொடும். பிறகு ஐசிடி டியூப், அதாவது நெஞ்சுக்குள்ளிருந்து காற்றை வெளியேற்றும் குழாய். அதன் மறுமுனை ஒரு பாட்டிலில் 2 செ.மீ. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், காற்று குமிழியாக வெளியேறும், திரும்ப ஏற முடியாது. பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும் என்பதால்தான் டியூபோடு நடப்பவரை நர்சுகள் அத்தனை அதட்டுகிறார்கள்.

1995-ல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் போன விமானத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படிக் காற்று அடைத்தபோது, பயணியாக இருந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆங்கஸ் வாலஸ் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, பிராந்தியில் கழுவி, அதை உள்ளே வைத்து யூரின் டியூபை நெஞ்சுக்குள் செலுத்தினார். மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலில். பெண் பிழைத்தார்.

மூச்சுக்குழாய்க்கு வாய்வழி டியூப் போகவே இல்லை, ஆக்சிஜன் இறங்குகிறது என்றால் கழுத்து. குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே, அதற்கடுத்த வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். 10 எண் கத்தியால் குறுக்கே ஒரே குத்து, கத்தியை எடுக்காமல் பூஜி என்ற நீளமான வளைகுச்சி உள்ளே, அதன் மேல் 6 மி.மீ. டியூப். ஒரு நிமிடத்து வேலை. பெரும்பாலும் தப்பு நடப்பது தயக்கத்தில்தான். கத்தியை எடுக்க முடிவு செய்வதற்குள் மூளை போய்விடுகிறது. சினிமாவில் வரும் பால்பாயின்ட் பேனாவின் துளை ஒரு பெரிய ஆளுக்கு மூச்சுவிடப் போதாது.

தலைக்குள் ரத்தம் கட்டி மூளையை அமுக்கும்போது மண்டையில் துளை போடுவார்கள். 2009-ல் ஆஸ்திரேலியாவின் மேரிபரோ என்ற சிற்றூரில், உரிய கருவி இல்லாததால் பராமரிப்பு அறையிலிருந்த வீட்டு உபயோக டிரில்லால் ஒரு சிறுவனுக்கு அதைச் செய்தார் ஊர் மருத்துவர். மெல்போர்னிலிருந்து நரம்பியல் அறுவை மருத்துவர் எங்கே, எவ்வளவு ஆழம் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தார். டிரில் சாதாரணம், அந்த இரண்டு விவரமும்தான் சிகிச்சை.

பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால் மருத்துவர் மடக்கிய ஒரு கை முஷ்டியைப் பிறப்புறுப்புக்குள் வைத்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து கருப்பையை அதன்மேல் அழுத்திப் பிடிக்கிறார். மருந்து வேலை செய்யும்வரை கை மரத்தாலும் விடுவதில்லை. அதற்கும் நிற்காதபோது வங்கதேசத்துப் பேராசிரியர் சயீபா அக்தர் காட்டிய வழி ஒன்று உண்டு. 2003-ல் அதை வெளியிட்டார். ஒரு ஆணுறையை ரப்பர் கதீட்டரின் முனையில் நூலால் கட்டி, கருப்பைக்குள் வைத்து, 250 முதல் 500 மி.லி. சலைன் ஏற்றுவது. பலூன் உள்ளிருந்து அமுக்குகிறது. கம்பெனி பலூனின் விலையில் சொற்பம்கூட ஆகாது. ஆனால் நஞ்சுக்கொடித் துண்டு மிச்சமிருந்தாலோ கருப்பை கிழிந்திருந்தாலோ இது பலிக்காது, ரத்தத்தை மறைத்துவிட்டு நேரத்தைத் தின்னும். முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

எலும்பு விஷயம் சுருக்கமாக. கழன்ற தோளுக்குக் குதிகாலை அக்குளில் வைத்துக் கையை இழுப்பது ஹிப்போகிரட்டீஸ் காலத்து முறை. நரம்பு நசுங்குவதால் இப்போது அதை விரும்புவதில்லை. குப்புறப் படுக்கவைத்து, தொங்கும் கையில் சுமார் 5 கிலோ கட்டி 15–20 நிமிடம் விட்டால் தசை களைத்துத் தானே விடும். 5 லிட்டர் தண்ணீர் கேன் சரியான எடை. கையில் பிடிக்கச் சொல்லாமல் மணிக்கட்டில் கட்ட வேண்டும், பிடித்தால் தசை இறுகும். உடைந்திருக்கிறதா என்று பார்க்காமல் சுளுக்கு எடுப்பவரிடம் கொடுத்து இழுக்கவிட்டால் கழன்ற தோள் உடைந்த தோளாகத் திரும்பும். இடுப்பு மூட்டு கழன்றால் மருத்துவர் கட்டில் மேலேயே ஏறி நின்று தொடையைத் தூக்குவார். ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போகாவிட்டால் தொடை எலும்பின் தலை ரத்தமில்லாமல் சாகும் ஆபத்து கூடுகிறது.

வெயிலும் ஊதலும்

கரூர் பரமத்தி வெயிலிலோ ஃபவுண்ட்ரி உலையடியிலோ வேலை செய்தவர் உளறி, உடல் 40 டிகிரி தாண்டிக் கொதித்தால் பாராசிட்டமால் பயன்படாது. லாரித் தார்ப்பாயில் படுக்கவைத்து, ஓரங்களை நாலு பேர் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தலை வெளியே இருக்கட்டும். அரை மணிக்குள் 40-க்குக் கீழே கொண்டுவருவது குறி. 39-க்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டே போகும்.

திடீரென்று நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடும் ஒருவகை இதயத் துடிப்பை மருந்தில்லாமலே இயல்புக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அரைவாசி சாய்ந்து உட்காரவைத்து, 10 மி.லி. சிரிஞ்சின் வாயில் 15 விநாடி ஊதச் சொல்கிறார்கள், பிஸ்டன் அசையும் அளவுக்கு. ஊதி முடித்த நொடியில் மல்லாக்கச் சாய்த்து, கால்களை 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடிக்கிறார்கள். 2015-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், காலைத் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம் பேருக்கு இயல்புக்கு வந்த துடிப்பு, இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு வந்தது.

கடைசியாகக் குழந்தை மூக்கில் போட்டுக்கொண்ட புளியங்கொட்டை. அம்மா குழந்தையின் வாயோடு வாய் வைத்து, அடைக்காத மூக்குத் துளையை விரலால் மூடிக்கொண்டு, முதலில் மெதுவாக, தடை தெரிந்ததும் சட்டென்று ஒரு ஊதல். "கண்ணு, அம்மா ஒரு பெரிய முத்தம் தர்றேன்" என்று சொன்னால் குழந்தை மிரளாது. ஏறக்குறைய பத்தில் ஆறு குழந்தைகளுக்கு வெளியே வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு முறையில் வராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர். பின்னூசியோ சிமிட்டாவோ விட்டுக் கிளறினால் கொட்டை பின்னால் போய் மூச்சுக்குழாயில் விழலாம். போட்டுக்கொண்டது பட்டன் பேட்டரி என்றால் வெளியே வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. சில மணி நேரத்தில் அது மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டையாக்கிவிடும்.